கணினி மொழிகளும் பெண் பெயர்களும்



பெயர்களை இடுகுறிப் பெயர் என்றும் காரணப் பெயர் என்றும் பகுத்துரைப்பது தமிழ் இலக்கண மரபு. மரம், மலை என்பன காரணங் கருதாது முன்னோர் இட்டு வழங்கிய பெயர்கள். பறவை, அணி என்பன பறத்தலும் அணிதலும் காரணமாக வந்தவை. வீட்டிலே ஒரு குழந்தை பிறந்தால் பாட்டியின் பெயரையோ குலதெய்வத்தின் பெயரையோ தேடி இடுவோர் உளர். செவிக்கு இனிமையாயிருந்தாற் போதும் என்று இடுவோரும் உளர். கணினிக்கு ஆணையிடுவதற்கென மனிதர் ஆக்கிக்கொண்ட மொழிகளுக்கும் இவ்விரு வகையாகவே பெயர்கள் வந்து சேர்ந்தன. அவற்றுட் சில பெண்களின் பெயர்கள். அப்பெயர்கள் எவ்வாறு வந்தன, அவற்றாற் பெண்களுக்குக் கிடைத்தது யாது என்பதே இவ்வுரையின் பொருளாகும்.

கணினி தானாக எதனையும் அறியாது. இதனைக் கூட்டு, இதனை அதனோடு ஒப்பிடு, இன்னது நேர்ந்தால் இன்னதைச் செய் என்று அதற்குப் படிப்படியாக எழுதிக் கொடுத்தல் வேண்டும். அவ்வாறு எழுதப்படும் ஆணைகளின் தொகுதி நிரல் எனப்படும். அதனை எழுதுவோர் நிரலாளர். வரையறுத்த சொற்களும் வழுவாத இலக்கணமும் உடையதாய், நிரல் எழுதுவதற்கென அமைந்தது நிரல் மொழி. இத்தகைய மொழிகள் ஆயிரக்கணக்கில் தோன்றியுள்ளன. மனித மொழிகளைப் போல இவை யார் ஆக்கினார் என்று தெரியாதபடி வளர்ந்தவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஆக்கியோர் உளர். பெயரிட்ட நாளும் பெரும்பாலும் தெரியும்.

பெண் பெயர் பெற்ற மொழிகளுள் மிகவும் பேர்போனது அடா. 1970ஆம் ஆண்டுகளில் ஐக்கிய அமெரிக்காவின் பாதுகாப்புத் திணைக்களம் ஒரு பெருந் தொல்லைக்கு உள்ளாயிற்று. விமானங்களிலும் கப்பல்களிலும் பொருத்திய கணினிகள் முதலாகப் பலவற்றுக்கும் நிரல் எழுத 450க்கும் மேற்பட்ட மொழிகள் அங்கே வழக்கில் இருந்தன. ஒரு பிரிவினர் எழுதியதை மற்றப் பிரிவினர் படிக்க மாட்டாத நிலை ஏற்பட்டது. எல்லார்க்கும் பொதுவான ஒரு மொழியைக் காண்பதற்கென 1975இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. போட்டியிட்ட நான்கு அணிகளும் இன்னார் என்று நடுவர்க்குத் தெரியாதிருக்கும் பொருட்டு, அவற்றுக்குப் பச்சை, சிவப்பு, நீலம், மஞ்சள் என நிறங்களே பெயர்களாயின. 1979இல் பச்சை அணி வென்றது. அதன் தலைவர் பிரான்சு தேசத்தவரான ழான் இக்பியா. அம்மொழிக்கு அடா என்னும் பெயரை எடுத்துக் கூறியவர் கடற்படை அலுவலகத்தைச் சேர்ந்த ஜாக் கூப்பர் என்பவர். அடா சீமாட்டியின் வழித்தோன்றலிடம் இசைவும் பெறப்பட்டது. 1980ஆம் ஆண்டு திசம்பர் மாதம் 10ஆந் திகதி அம்மொழியின் நியமம் ஏற்கப்பட்டபோது அதற்கு இடப்பட்ட இலக்கம் 1815. அடா பிறந்த ஆண்டு 1815. பிறந்த நாளும் திசம்பர் 10. ஆகவே இது முழுமையான காரணப் பெயராகும்.

அடா லவ்லேஸ், பைரன் என்னும் ஆங்கிலக் கவிஞரின் மகள். சார்ல்ஸ் பாபேஜ் என்ற கணித அறிஞர், துளையிட்ட அட்டைகளால் ஆணை பெற்று எவ்வகைக் கணக்கையும் செய்யவல்ல ஒரு பொறியை மனத்தில் அமைத்திருந்தார். அப்பொறி முழுமையாகக் கட்டப்படவேயில்லை. அதைப் பற்றி மெனபிரேயா என்னும் இத்தாலியர் பிரெஞ்சு மொழியில் எழுதிய கட்டுரையை அடா ஆங்கிலத்தில் ஆக்கி, மூலத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு நீளமான குறிப்புகளையும் சேர்த்து 1843இல் வெளியிட்டார். பெர்னூலி எண்கள் எனப்படும் எண்வரிசையை அப்பொறி எவ்வாறு படிப்படியாகக் கணிக்கும் என்பதற்கு அக்குறிப்புகளுள் ஓர் அட்டவணை உண்டு. அவ்வட்டவணையிற் பாபேஜின் பங்கு எவ்வளவு என்று அறிஞர் இன்றும் வாதிடுவர். ஆயினும், எண்களை மட்டுமன்றி இசையையும் பிற குறியீடுகளையும் அத்தகைய பொறி கையாளக்கூடும் என்று கண்டு எழுதியவர் அடாவே.

அக்குறிப்புகளின் அடியில் அவருடைய பெயர் இல்லை. ஏ. ஏ. எல். என்ற மூன்று முதலெழுத்துகளே இருந்தன. தம் எழுத்தின் கீழே முழுப் பெயரின்றி 1852இல், 36ஆம் வயதில் இறந்த ஒருவரின் பெயர், 127 ஆண்டுகள் கழித்து ஒரு வல்லரசின் படைத்துறை மொழிக்கு இடப்பட்டது. இஃது உண்மையான மரியாதை என்பதில் ஐயமில்லை.

இனி, பிற பெயர்களையும் சற்று நோக்கலாம். சுவிற்சர்லாந்தின் நிக்லவுஸ் விர்த் 1970இல் வெளியிட்ட மொழிக்குப் பஸ்கால் என்று பெயர். வரி அலுவலிலிருந்த தந்தையாரின் கணக்குச் சுமையைக் குறைக்க வேண்டிக் கூட்டற் பொறி செய்த பிளேஸ் பஸ்காலின் நினைவாக வந்தது அது. தொலைபேசி நெரிசலைக் கணிதத்தால் ஆராய்ந்த தென்மார்க்கு நாட்டவரான ஏர்லாங்கின் பெயரை மற்றொரு மொழி கொண்டது. தருக்கவியலாளரான ஹஸ்கெல் கறியின் பெயர் 1990இல் வெளிவந்த ஒரு மொழிக்கு வாய்த்தது. ஒப்புதல் வேண்டிச் சென்றோரிடம் அவருடைய மனைவியார், தம் கணவருக்கு ஹஸ்கெல் என்ற அந்தப் பெயர் ஒருபோதும் பிடித்ததில்லை என்று விடைபெறும் வேளையிற் கூறினாராம்!

பெண் பெயர்களின் வரலாறு வேறு. டேவிட் டேணர் 1985இல் வெளியிட்ட மொழி மிரண்டா. இலத்தீனில் வியக்கத்தக்கவள் என்பது அதன் பொருள். தேற்றங்களை நிறுவ உதவும் இசபெல் என்னும் கருவிக்கு அதனை ஆக்கிய லோறன்ஸ் போல்சன் இட்டது சக அறிஞர் ஒருவருடைய மகளின் பெயர். 2012இல் வெளிவந்த யூலியா என்னும் மொழி எந்த யூலியாவையும் குறிப்பதன்று. நண்பர் ஒருவர் எடுத்துச் சொல்ல, நன்றாயிருக்கிறதென்று ஏற்கப்பட்டது.

இவற்றை ஒருங்கே வைத்து நோக்குவோர்க்கு ஒரு செய்தி புலப்படும். ஆண் பெயர் தாங்கிய மொழிகள் பெரும்பாலும் ஒருவர் ஆற்றிய அறிவுப் பணிக்காகப் பெயர் பெற்றன. பெண் பெயர் தாங்கியவற்றுள் அடா ஒன்று நீங்கலாக மேலே கூறியவையெல்லாம் இனிய ஓசைக்காகவோ அன்புக்காகவோ பெயர் பெற்றன. பஸ்கால், ஏர்லாங் என ஆண்களைக் குடும்பப் பெயராலும், அடா எனப் பெண்ணை வீட்டிலே அழைக்கும் முதற் பெயராலும் குறித்ததையும் சிலர் சுட்டுவர். ஹஸ்கெல் என்பதும் முதற் பெயரே ஆதலால் இதனை ஒரு விதியாகக் கொள்ள இயலாது. ஆனால் மற்றொன்றை மறுக்க இயலாது. அடா, மிரண்டா, இசபெல், யூலியா ஆகிய நான்கினையும் முதலில் வகுத்து ஆக்கியோர் ஆண்களே.

அங்ஙனமாயின் பெண்கள் நிரல் மொழி எதனையும் ஆக்கவில்லையா? ஆக்கினர், மிகுதியாகவே ஆக்கினர். வணிகக் கணக்குகளுக்கென எல்லாப் பொறிகளுக்கும் பொதுவான மொழி ஒன்று வேண்டும் என்று 1959ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முயன்றவர் மேரி ஹோஸ் என்ற பெண்மணி. அம்முயற்சியின் பயனாகத் தோன்றிய கொபோல் என்னும் மொழிக்கு அடித்தளமாய் அமைந்தது, அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த கணித கலாநிதி கிறேஸ் ஹொப்பர் வழிநடத்தி ஆக்கிய முந்திய மொழியாகும். கணினியிடம் குறியீடுகளாற் பேச வேண்டியதில்லை, ஆங்கிலச் சொற்களாலேயே பேசலாம் என்று அவர் வற்புறுத்தியபோது அது நடவாத காரியம் எனப் பலர் தள்ளினர். அவர் செய்தே காட்டினார். கொபோலை வரைந்த குழுவில் ஜீன் சமெற் என்பவரும் முதன்மையான பங்கு கொண்டார். வங்கிகளின் கணக்குகளுட் பெரும் பகுதி இன்றும் அம்மொழியிலேயே நடைபெறுகின்றது. சிறுவர் கற்பதற்கென 1967இல் தோன்றிய லோகோ மொழியை ஆக்கிய மூவருள் சிந்தியா சொலமன் ஒருவர். 1970ஆம் ஆண்டுகளில் குளூ என்னும் மொழியை வகுத்தவர் பாபரா லிஸ்கோவ். கணினியியலின் மிக உயர்ந்த பரிசாகிய தியூரிங் விருது 2008ஆம் ஆண்டுக்கு அவருக்கு வழங்கப்பட்டது. கொபோல், லோகோ, குளூ என்னும் இவற்றுள் ஒன்றேனும் பெண் பெயர் அன்று. பெண்ணின் பெயர் ஓரிடத்தும் பெண்ணின் உழைப்பு வேறோரிடத்துமாக நின்றுவிட்டன.

உழைப்பு மட்டும் இருந்து பெயர் மறைந்துபோன வரலாறு இதனினும் பழையது. இரண்டாம் உலக மகாயுத்த காலத்தில் ஆங்கிலத்திலே கணிப்போர் என்னும் பொருளுடைய கொம்பியூட்டர் என்ற சொல், பொறிக்கன்றி ஓர் உத்தியோகத்துக்கே பெயராய் வழங்கிற்று. பீரங்கிக் குண்டு செல்லும் பாதையைக் கையாற் கணித்த அவ்வுத்தியோகத்தர் பெரும்பாலும் பெண்கள். அவர்களுள் அறுவர், பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் ஏறக்குறைய 18,000 வெற்றிடக் குழாய்களால் அமைந்த எனியாக் என்னும் பெரும் பொறிக்கு நிரல் வகுக்கத் தெரிந்தெடுக்கப்பட்டனர். நிரல் மொழி என்று ஒன்று அந்நாளில் இல்லை. பொறியின் வரைபடங்களைப் படித்தே அவர்கள் அதனை இயக்கக் கற்றனர். வடங்களை மாற்றிச் செருகியும் ஆளிகளைத் திருப்பியும் ஆணையிட்டனர். அவர்களுடைய உத்தியோகத் தரமோ, தொழில் அறிஞர்க்குக் கீழ்ப்பட்டதாகவே வகுக்கப்பட்டிருந்தது. 1946 பெப்புருவரியில் எனியாக் உலகுக்குக் காட்டப்பட்டபோது, குண்டு இலக்கை அடையும் நேரத்தினும் குறைந்த நேரத்தில் அதன் பாதையைக் கணித்து அவையை வியக்கச் செய்த நிரல் பெற்றி ஸ்னைடர், பெற்றி ஜெனிங்ஸ் என்ற இருவருடைய ஆக்கம். அன்றிரவு நடந்த கொண்டாட்ட விருந்துக்கு அவர்கள் அழைக்கப்படவில்லை. பழைய புகைப்படங்களில் பொறியருகே நிற்கும் அப்பெண்கள், விளம்பரத்துக்காக நிறுத்தப்பட்டவர்கள் என்று பின்னாளில் எண்ணியோரும் இருந்தனர். அறுவருக்கும் உரிய பொது மதிப்பு 1997இலேதான் கிடைத்தது.

பெயர் என்பது ஒருவர் நுழையும் வாயிலை அடைக்கவும் கூடும். இதற்குப் பிரித்தானியாவில் ஒரு சான்று உண்டு. நாசிகளின் கொடுமைக்குத் தப்பி 1939இல் ஐந்து வயதுச் சிறுமியாக அங்கு வந்து சேர்ந்த ஸ்ரெபனி ஷேர்லி, 1962இல் ஒரு நிரல் நிறுவனத்தைத் தொடங்கினார். மணமாகி, பிள்ளைப்பேற்றினால் வேலையை விட்டு வீட்டிலிருந்த நிரலாளப் பெண்களுக்கு வீட்டிலிருந்தே வேலை கொடுப்பது அதன் நோக்கம். ஸ்ரெபனி என்று ஒப்பமிட்டு அவர் நிறுவனங்களுக்கு அனுப்பிய கடிதங்களுக்கு மறுமொழி வரவில்லை. கணவரின் யோசனைப்படி, ஆண்களுக்கு வழங்கும் ஸ்ரீவ் என்னும் குறுகிய பெயரால் ஒப்பமிடத் தொடங்கினார். மறுமொழிகள் வந்தன, வேலையும் வந்தது. கடிதத்தின் அடியில் இருந்த பெயரைத் தவிர வேறொன்றும் மாறவில்லை. முதல் 300 ஊழியருள் மூவரே ஆண்களாயிருந்த அந்நிறுவனம், ஒலியினும் விரைந்து பறந்த கொங்கோட் விமானத்தின் பதிவுப் பெட்டிக்கு நிரல் எழுதும் அளவுக்கு உயர்ந்தது.

ஆதலால், பெயரில் என்ன இருக்கிறது என்று எளிதாகத் தள்ளிவிடுதல் இயலாது. அண்மைக் காலத்து நிகழ்ச்சி ஒன்றும் இதனைக் காட்டும். கணிதத் தேற்றங்களின் நிறுவல்களைப் பிழையறச் சரிபார்க்கும் மொழிக் கருவி ஒன்று 1984ஆம் ஆண்டு முதல் பிரான்சிலே உருவாயிற்று. அதனைத் தொடங்கிய தியரி கொக்கான் என்பவரின் பெயரைத் தழுவியும், கருவிகளுக்கு விலங்கு பறவைகளின் பெயரிடும் அந்நாட்டு வழக்கத்தைப் பின்பற்றியும், சேவல் என்னும் பொருளுடைய கொக் என்ற பிரெஞ்சுச் சொல் அதற்குப் பெயராயிற்று. அதனுள்ளே அமைந்த விவரண மொழிக்குக் கலீனா என்று பெயர். இலத்தீனில் அது பெட்டைக்கோழி. ஆக்கியோர் மனத்தில் இருந்தது விளையாட்டே. கிறிஸ்தீன் போலன் மோரிங் என்ற பெண்ணறிஞரும் அக்கருவியை வளர்த்தோருள் முதன்மையானவர். நான்கு நிறத் தேற்றம் எனப்படும் புகழ்பெற்ற கணிதத் தேற்றத்தின் நிறுவல் 2005இல் முற்றாகச் சரிபார்க்கப்பட்டதும் அதனாலேயே.

ஆனால் அப்பெயரின் ஓசை ஆங்கிலத்தில் அவையிற் கூறத் தகாத ஒரு கொச்சைச் சொல்லோடு ஒத்திருந்தது. கருவி உலகெங்கும் பரவி ஆங்கிலமே அத்துறையின் பொது மொழியானபோது, தம் ஆராய்ச்சியை எடுத்துரைக்கும் பெண்களுக்கு அச்சொல் கேலிக்கும் கூச்சத்துக்கும் இடமாயிற்று என்ற முறைப்பாடு எழுந்தது. பிரெஞ்சு மொழிக்குரிய குற்றமற்ற சொல்லைப் பிறமொழியாளருக்காக ஏன் மாற்ற வேண்டும் என்று வாதிட்டோரும் இருந்தனர். அவர்களுடைய வாதமும் பொருளற்றதன்று. நெடுங்காலம் கலந்தாராய்ந்த பின்னர், 2023இல் பெயரை மாற்ற முடிவாயிற்று. 2025இல் ரொக் என்னும் பெயரோடு கருவி வெளிவந்தது. அது பிறந்த ரொக்கான்கூர் என்னும் ஊரையும், பழங்கதைகளில் வரும் ஒரு மாபெரும் பறவையையும் அப்பெயர் நினைவூட்டும். மரபும் கெடவில்லை, கூச்சமும் நீங்கிற்று. கற்க வருவோர் முதல் அடியிலேயே தலைகுனிய நேருமாயின் அப்பெயரை மாற்றுதல் சிறுமையாகாது. விருந்தினர் காலில் இடறும் கல்லை வாசலிலிருந்து அகற்றுவது போன்றதே அது.

எனினும், கல்லை அகற்றியதும் விருந்து முடிந்துவிடாது. ஐக்கிய அமெரிக்காவிற் கணினியியற் பட்டம் பெறுவோருள் 1984ஆம் ஆண்டளவில் நூற்றுக்கு ஏறக்குறைய 37 பேர் பெண்கள். அடா மொழி அப்போது புதிதாய் வழக்கில் வந்திருந்தது. அதன் பின் ஆண்டுக்கு ஆண்டு அவ்வெண் இறங்கி, 2010ஆம் ஆண்டளவில் 18 என்னும் அளவுக்கு வந்தது. ஒரு பெண்ணின் பெயர் தாங்கிய மொழி விமானங்களிற் பறந்துகொண்டிருந்த அதே காலத்தில், வகுப்பறைகளிலிருந்து பெண்கள் குறைந்துகொண்டிருந்தனர். காரணம் அறிவுக் குறைவன்று. அக்காலத்தில் வீடுகளுக்கு வந்த சிறு கணினிகள் ஆண்பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளாக விளம்பரஞ் செய்யப்பட்டன. வாங்கி வந்த பெற்றோரும் மகனுடைய அறையிலேயே அவற்றை வைத்தனர். பல்கலைக்கழகத்துக்குள் நுழையுமுன்பே நிரல் எழுதிப் பழகியவர்களைக் கண்டு, பழகாத பெண்கள் தமக்கு ஆற்றல் இல்லையென்று நம்பி விலகினர்.

பிற்ஸ்பேர்க் நகரிலுள்ள கார்ணகி மெலன் பல்கலைக்கழகம் இக்காரணத்தை ஆராய்ந்து, பரிகாரமும் கண்டது. முன்பழக்கம் உள்ளவரே பின்னர் சிறப்படைவர் என்ற எண்ணம் பிழை என்று தெரியவந்தது. அனுமதிக்கு முன்பழக்கத்தை அளவுகோலாகக் கொள்வது கைவிடப்பட்டது. பழகியோர்க்கும் பழகாதோர்க்கும் வெவ்வேறு தொடக்க வகுப்புகள் அமைந்தன. கணினி எதற்குப் பயன்படுகின்றது, யாருடைய துயரைத் தீர்க்கின்றது என்பதும் பாடத்தோடு இணைக்கப்பட்டது. 1995இல் அங்கே கணினியியலிற் சேர்ந்தோருள் நூற்றுக்கு 7 பேரே பெண்கள். 2000ஆம் ஆண்டில் 42 பேர். இந்த ஐந்தாண்டு மாற்றத்துக்கு எந்த மொழிக்கும் புதுப் பெயர் இடப்படவில்லை. வாயிலின் அகலமும் வகுப்பின் முறையுமே மாறின.

இதிலிருந்து பெறப்படுவது யாதெனில், பெயருக்கும் இடத்துக்கும் தனித்தனிக் கடமை உண்டென்பதே. நன்றாக இட்ட பெயர் மறந்துபோன ஒருவரை நினைவூட்டும். அடா என்று ஒரு மொழி இல்லாதிருந்தால், 1843இல் மூன்று எழுத்துகளுக்குப் பின்னால் நின்ற பெண்ணை இத்தனை பேர் தேடியிருப்பரா என்பது ஐயமே. தகாத பெயர் ஒருவரைப் புறத்தே நிறுத்தும். அதனை மாற்றுதல் முறையே. ஆயின் பெயரிட்டதோடு கடன் தீர்ந்ததென்று கைகட்டி நிற்போர், பாட்டியின் பெயரைப் பேத்திக்கு இட்டுவிட்டு அப்பேத்தியைப் பள்ளிக்கு அனுப்பாதிருப்போரை ஒப்பர்.

தமிழ் மொழியின் இயல்பு ஒன்றும் இங்கே கருதத்தக்கது. தமிழில் மொழி என்பது அஃறிணை. அடா என்றாலும் பஸ்கால் என்றாலும், மொழியைக் குறிக்குங்கால் அது வந்தது, அது வளர்ந்தது என்றே கூறப்படும். அதனை எழுதுவோர் உயர்திணை. எழுத்தாளர், மருத்துவர், பொறியியலாளர் என்பன போல நிரலாளர் என்ற சொல்லும் ஆண்பால் பெண்பால் என்று பிரியாது இருபாலார்க்கும் ஒருங்கே மதிப்பளித்து நிற்கின்றது. சொல்லில் அமைந்துவிட்ட இச்சமநிலை தொழிலிலும் அமைதல் வேண்டும். நிரலாளர் என்று சொன்ன அளவிலே கேட்போர் மனக்கண்ணில் ஓர் ஆணுருவம் மட்டுமே தோன்றுமாயின், சொல் செய்த பணியை மனம் செய்யவில்லை என்பதே பொருள்.

வீட்டுக்கு ஒரு கணினி வருங்கால் அது எந்தப் பிள்ளையின் மேசையில் வைக்கப்படுகின்றது என்பது சிறு செய்தி போலத் தோன்றலாம். பெண்கள் தொழில்நுட்பத் துறையிலே நிற்பதும் நீங்குவதும் அம்மேசையிலிருந்தே தொடங்குகின்றன. மகளுக்கும் அங்கே ஒரு நாற்காலி போடப்படுமாயின், நாளை அவள் ஆக்கும் மொழிக்கு என்ன பெயரிடுவது என்பதை அவளே தீர்மானித்துக்கொள்வாள்.